அம்பயரை யார் தேர்ந்தெடுக்கிறது? தென்காசியும் ஜார்ஜியாவும்

இன்னைக்கு எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி மூணு எண்ணை மனசுல வெச்சுக்கோங்க. 462. 370. 537.

முதல் ரெண்டும் தென்காசி சட்டமன்றத் தொகுதியோடது. 2016-ல் அ.தி.மு.க.வின் செல்வமோகன்தாஸ் பாண்டியன், காங்கிரஸின் பழனி நாடாரை 462 வாக்குகளில் தோற்கடித்தார். 2021-ல் அதே தொகுதி, அதே ரெண்டு பேர். இந்த முறை பழனி நாடார் 370 வாக்குகளில் ஜெயித்தார். குற்றாலமும் இந்தத் தொகுதிக்குள்ளதான் வருது. சீசன் ஞாயித்துக்கிழமை மெயின் ஃபால்ஸ்ல குளிக்க வரிசையில நிக்கிறவங்களை எண்ணினாலே இந்த வித்தியாசத்தைத் தாண்டிடும். தோற்றவர் தேர்தல் வழக்குப் போட்டார். தபால் வாக்குகளை மறுபடி எண்ணச் சொல்லி 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தென்காசியில் எண்ணினார்கள். முடிவு மாறவில்லை.

மூணாவது எண், 537, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தோடது. 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தல். ஏறக்குறைய 60 லட்சம் வாக்குகள் பதிவான மாநிலத்தில் ஜார்ஜ் புஷ் 537 வாக்குகள் முன்னிலை என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அந்த மாநிலம்தான் யார் அமெரிக்க அதிபர் என்பதையே முடிவு செய்தது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் கேத்ரின் ஹாரிஸ், ஃபுளோரிடாவின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட். அவர் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று அந்தப் பதவிக்கு ஜெயித்து வந்தவர். அதோட, ஃபுளோரிடாவில் புஷ்ஷின் பிரசாரக் குழுவுக்கு இணைத் தலைவரும் அவர்தான்!

தென்காசியில 370 ஓட்டு வித்தியாசத்தை அறிவிச்ச அதிகாரி, ரெண்டு வேட்பாளர்ல ஒருத்தரோட பிரசாரக் குழுவுலயும் பதவியில இருந்திருந்தா ஊர் எப்படி இருந்திருக்கும்னு கொஞ்சம் யோசிங்க.

ஒரு சின்ன குழப்பத்தைத் தீர்த்துடுவோம். செய்தியில 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்'னு கேட்டா அமெரிக்க வெளியுறவு அமைச்சர்தான் ஞாபகத்துக்கு வருவார். அவர் வாஷிங்டன்ல இருக்கிறவர். பெரும்பாலான மாநிலங்களில் அதே பெயரில் இன்னொரு பதவி உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் அவர்தான் தலைமைத் தேர்தல் அதிகாரி. அந்த மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் அந்தப் பதவிக்கே தேர்தல் நடக்கும். கட்சி, சின்னம், பிரசாரம், நன்கொடை எல்லாம் உண்டு.

இது யாரோ சூழ்ச்சி பண்ணி வந்த ஏற்பாடுன்னு நினைக்க வேண்டாம். 1830-கள், 40-களில், ஆண்ட்ரூ ஜாக்ஸன் காலத்தில், அமெரிக்காவில் ஓர் அலை அடித்தது. ஆளுநர் தன் ஆட்களை நியமிப்பதைவிட மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று நீதிபதியிலிருந்து கணக்குத் தணிக்கையாளர் வரை பல பதவிகளை வாக்குச்சீட்டில் ஏற்றினார்கள். நியமனம் என்றால் எஜமான விசுவாசம், தேர்தல் என்றால் மக்கள் விசுவாசம் என்பது கணக்கு. கட்சி விசுவாசம்னு மூணாவதா ஒன்னு இருக்கிறதை அந்தக் கணக்கு கொஞ்சம் மறந்துடுச்சு.

ஜார்ஜியா மாநிலத்துல இது உச்சத்துக்குப் போச்சு. 2018-ல் அங்கே செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டாக இருந்தவர் பிரையன் கெம்ப். அந்த வருடம் ஆளுநர் தேர்தலில் வேட்பாளரும் அவரே. தான் போட்டியிடும் தேர்தலைத் தானே மேற்பார்வை செய்தார். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளர் விண்ணப்பங்கள் அவருடைய அலுவலகத்தில் நிலுவையில் கிடப்பதாகச் செய்தி வந்தது. கடைசியில் ஸ்டேசி ஏப்ரம்ஸைவிட சுமார் 55,000 வாக்குகள் அதிகம் பெற்று ஜெயித்தார். மேற்பார்வைப் பதவியை அவர் ராஜினாமா செய்தது வாக்குப்பதிவு முடிந்து ரெண்டு நாள் கழித்து.

அதே ஜார்ஜியா, அதே பதவி, அதே கட்சி. ரெண்டு வருஷம் கழிச்சு நேர்மாறான கதை. 2021 ஜனவரி 2 அன்று அதிபர் டிரம்ப், செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் பிராட் ராஃபென்ஸ்பெர்கருக்கு ஃபோன் செய்து, தான் ஜெயிக்கத் தேவையான 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னார். சொந்தக் கட்சித் தலைவரே கேட்டும் ராஃபென்ஸ்பெர்கர் மசியவில்லை. அடுத்த வருடத் தேர்தலில் ஜார்ஜியா மக்கள் அவரைத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். அதே 2022-ல், 2020 தேர்தல் முடிவையே ஏற்காத வேட்பாளர்கள் அரிசோனா, நெவாடா, மிச்சிகன் மாநிலங்களில் இந்தப் பதவிக்கு நின்றார்கள். மூணு மாநிலத்திலும் தோற்றார்கள்.

அதனால அம்பயருக்கு எலெக்‌ஷன் வெச்சா நாசம்தான்னு ஒரே அடியா சொல்லிட முடியாது. இந்த 2026 நவம்பர் 3-ஆம் தேதி ஜார்ஜியா, அரிசோனா, நெவாடா, மிச்சிகன் உள்பட பல மாநிலங்களில் இந்தப் பதவிக்கு மறுபடி தேர்தல். அங்கே ஜெயிக்கிறவங்க கையிலதான் 2028 அதிபர் தேர்தலோட அந்தந்த மாநில வேலை இருக்கும்.

சரி, நம்ம பக்கம் வருவோம். நம்ம ஊர்ல இந்த நாற்காலியில உக்கார்றவரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது இல்ல. அது ஏன்னு தெரிஞ்சுக்க 1949 ஜூன் மாசத்துக்குப் போகணும்.

அரசியல் நிர்ணய சபையின் முதல் வரைவில், மாகாணத் தேர்தல்களுக்கு அந்தந்த மாகாணத்திலேயே தனி ஆணையம், நியமிப்பவர் ஆளுநர் என்றுதான் இருந்தது. ஜூன் 15 அன்று அம்பேத்கர் அதை மாற்றினார். நாடு முழுவதற்கும் ஒரே தேர்தல் ஆணையம். காரணத்தையும் சபையில் சொன்னார்: சில மாகாணங்களில், அங்கே பெரும்பான்மையாக இல்லாத இனத்தவர், வேறு மொழி பேசுபவர்கள் ஆகியோரை வாக்காளர் பட்டியலில் சேர்க்காமல் விடுகிறார்கள் என்று புகார்கள் வருகின்றன. உள்ளூர் அரசாங்கத்தின் கைக்கு எட்டாத இடத்தில் தேர்தல் இருக்க வேண்டும்.

இந்தக் கவலை தென்காசிக்காரங்களுக்கு நல்லாவே புரியும். தென்காசிக்குப் பக்கத்து ஊர் செங்கோட்டை. இன்னைக்கு பஸ்ல ஏறினா கொஞ்ச நேரம். ஆனால் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. முதல் பொதுத்தேர்தலில் தென்காசிக்காரர் சென்னைச் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்டார், செங்கோட்டைத் தமிழர் திருவனந்தபுரத்துச் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்டார். மலையாளம் பெரும்பான்மையாக இருந்த மாநிலத்தில் தமிழ் பேசும் ஒரு தாலுகா. பட்டியல் தயாரிப்பதும் தேதி குறிப்பதும் முழுக்க உள்ளூர் அரசாங்கத்தின் கையில் இருந்திருந்தால், அம்பேத்கர் சொன்ன பயத்துக்கு அது பொருத்தமான இடம். ரெண்டு ஊருக்கும் மேலே ஒரே ஆணையர் இருந்தார். அவர் பெயர் சுகுமார் சென்.

சுகுமார் சென் வங்காளத்துக்காரர், ஐ.சி.எஸ். அதிகாரி. 1950 மார்ச்சில் முதல் தலைமைத் தேர்தல் ஆணையரானார். 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். அதில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வட இந்தியாவில் நிறையப் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்றே எழுதச் சொன்னார்கள். பெயர் இல்லாமல் பதிவு கிடையாது என்று சென் உறுதியாக நின்றதில் சுமார் 28 லட்சம் பெண்கள் அந்தத் தேர்தலில் பட்டியலிலிருந்து நீங்கிப்போனார்கள். கடுமையான முடிவுதான். ஆனா அடுத்த தேர்தலுக்குள்ள அந்தப் பெண்கள் சொந்தப் பெயரோட பட்டியலுக்கு வரணும்னா வேற வழி என்னன்னும் கேட்கத் தோணுது. 1953-ல் சூடான் நாட்டின் தேர்தலை நடத்தித் தரவும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

அம்பேத்கர்கிட்ட திரும்பி வரேன். ஏன்னா அடுத்த நாளே, ஜூன் 16, தன்னோட ஏற்பாட்டுலயே இருக்கிற ஓட்டையை அவரே சுட்டிக்காட்டினார். நியமனத்துக்கு நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும் என்று ஷிப்பன் லால் சக்சேனா திருத்தம் கொண்டுவந்திருந்தார். அம்பேத்கரின் பதிலின் சாரம் இதுதான்: பதவியிலிருந்து எளிதில் நீக்க முடியாது என்று பாதுகாப்பு கொடுத்துவிட்டோம், ஆனால் ஒரு முட்டாளோ, அயோக்கியனோ, அரசாங்கத்தின் கைக்குள் இருப்பவரோ அந்த நாற்காலிக்கு வருவதைத் தடுக்க அரசியல் சாசனத்தில் எதுவும் இல்லை. அந்தக் கேள்வி தனக்குத் தலைவலியாக இருந்ததையும் அவர் மறைக்கவில்லை. நியமன முறையை நாடாளுமன்றம் சட்டம் போட்டு வகுக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தச் சட்டம் வர 74 வருஷம் ஆச்சு. நடுவுல டி.என். சேஷன் மாதிரி ஒருத்தர் வந்தார், 1990 முதல் 1996 வரைக்கும். அவரைப் பத்திப் பேச தனி எபிசோடே வேணும். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சட்டம் வரும்வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் சேர்ந்து தேர்தல் ஆணையர்களைப் பரிந்துரைக்க வேண்டும் என்றது. அந்த டிசம்பரிலேயே சட்டம் வந்தது. தலைமை நீதிபதி இருந்த இடத்தில் ஒரு மத்திய அமைச்சர். மூணு பேர் குழுவுல ஆளுங்கட்சிக்கு ரெண்டு ஓட்டு. கணக்கு உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் டெல்லிக் கதை. தென்காசியும் குற்றாலமும் அடி வாங்கினது வேற ஒரு அம்பயர் விஷயத்துல. அவரைப் பத்தி நம்மள்ல பல பேருக்கு அவ்வளவா தெரியாது.

சட்டமன்ற, மக்களவைத் தேர்தலைத் தமிழ்நாட்டில் நடத்துபவர் தலைமைத் தேர்தல் அதிகாரி. மாநில அரசைக் கலந்து இந்தியத் தேர்தல் ஆணையம் அமர்த்தும் ஐ.ஏ.எஸ். அதிகாரி அவர். உள்ளாட்சித் தேர்தலை நடத்துபவர் வேறொருவர், மாநிலத் தேர்தல் ஆணையர். 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தம் உருவாக்கிய பதவி இது. இவரை நியமிப்பவர் ஆளுநர், அதாவது நடைமுறையில் மாநில அரசு. 1949-ல அம்பேத்கர் வேண்டாம்னு வெளிய அனுப்பின அதே ஏற்பாடு, 44 வருஷம் கழிச்சு பஞ்சாயத்து வாசல் வழியா உள்ள வந்துடுச்சு. உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் இவரையும் நீக்க முடியும் என்று பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் ஆள், பணம், வார்டு எல்லை, இடஒதுக்கீட்டு அறிவிப்பு எல்லாவற்றுக்கும் இவர் பார்க்க வேண்டியது கோட்டையைத்தான்.

இப்ப தேதிகளைக் கவனிங்க.

2011-ல் தேர்வான உள்ளாட்சி அமைப்புகளின் ஐந்தாண்டு 2016 அக்டோபரில் முடிந்தது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். அக்டோபர் 17, 19 என்று தேதி குறித்து செப்டம்பர் இறுதியில் அறிவித்தார்கள். பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியில்லை என்று தி.மு.க. வழக்குப் போட, அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் அறிவிப்பாணையை ரத்து செய்து, டிசம்பருக்குள் நடத்தச் சொன்னது. நடக்கவில்லை. 2017 மே என்றார்கள். நடக்கவில்லை. 2017 நவம்பர் என்றார்கள். அதுவும் போனது. எல்லா ஊரிலும் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. பல வருஷக் கோரிக்கை, ஊரே கொண்டாடுச்சு. பத்தே நாளில், டிசம்பர் 2 அன்று, ஊரக உள்ளாட்சித் தேர்தல் தேதியை ஆணையம் அறிவித்தது. புதிதாகப் பிரித்த மாவட்டங்களில் வார்டு மறுவரையறை செய்யாமல் எப்படித் தேர்தல் என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பர் 6 அன்று தீர்ப்பு: மற்ற மாவட்டங்களில் நடத்துங்கள், பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் மறுவரையறை முடித்துவிட்டு நாலு மாதத்துக்குள் நடத்துங்கள். திருநெல்வேலி, தென்காசி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்கள் ஓட்டுப் போட்டன. புது மாவட்டம் கிடைச்ச தென்காசி வேடிக்கை பார்த்தது.

நாலு மாதம் என்று சொன்னது 22 மாதமானது. கொரோனா ஒரு காரணம், நியாயமான காரணம்தான். ஆனா 2021 ஏப்ரல் 6 என்ன நடந்துச்சு? அதே கொரோனா காலத்தில், அதே தென்காசியில், அதே பள்ளிக்கூடங்களில், அதே ஆசிரியர்கள் மேசை போட்டு உட்கார்ந்து சட்டமன்றத் தேர்தலை நடத்தினார்கள். அதுதான் அந்த 370 ஓட்டுத் தேர்தல். அதுக்கு முன்னாடி 2019 ஏப்ரலில் மக்களவைத் தேர்தலும் குறித்த காலத்தில் நடந்தது. ஆளும் அதே, ஊரும் அதே. மாறினது ஒன்னே ஒன்னு, உத்தரவு எங்கிருந்து வருதுங்கறது. சட்டமன்றத் தேர்தல் நேரத்தில் கலெக்டரும் ஆர்.டி.ஓ.வும் சட்டப்படி இந்தியத் தேர்தல் ஆணையத்தின் அயல்பணியில் இருப்பவர்கள். சரியில்லை என்றால் மாற்றச் சொல்லி அது உத்தரவிடும், மாநில அரசு மாற்றும். மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் சாசனம் கிட்டத்தட்ட அதே அதிகாரத்தைத்தான் கொடுத்திருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லியிருக்கிறது. காகிதத்தில் இருப்பதைப் பயன்படுத்தணும் இல்லையா?

நாம பொதுவா அம்பயரோட பவர்னா ஓட்டு எண்ணுறதுல, சான்றிதழ் கொடுக்கிறதுல இருக்குன்னு நினைக்கிறோம். ஃபுளோரிடாவுல அப்படித்தான். தென்காசியில் அது தேதியில் இருந்தது. எண்ணிக்கையில் தில்லுமுல்லு செய்தால் பத்துப் பேர் கேட்பார்கள், கோர்ட்டுக்குப் போவார்கள், தபால் ஓட்டை மறுபடி எண்ணுவார்கள். நடக்காத தேர்தலில் மறுபடி எண்ண என்ன இருக்கிறது?

அதோட விலையை உள்ளூர் ஆட்கள்தான் கொடுத்தாங்க. பழைய குற்றாலம் அருவி ஆயிரப்பேரி ஊராட்சியில் இருக்கிறது. மெயின் ஃபால்ஸ் குற்றாலம் பேரூராட்சியில். சீசன் வந்தால் வண்டி நிறுத்தக் கட்டணம், கடை ஏலம், குப்பை, கழிப்பறை என்று சின்ன உள்ளாட்சி அமைப்பு தாங்க முடியாத அளவுக்கு வேலை. ஆயிரப்பேரிக்கு 2016 அக்டோபரிலிருந்து 2021 அக்டோபர் வரை தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. குற்றாலம் பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது. அஞ்சு சீசனுக்கு, கடை ஏலம் ஏன் இப்படிப் போச்சுன்னு போய்ச் சட்டையைப் பிடிச்சுக் கேட்க ஒரு கவுன்சிலர் கிடையாது. தனி அலுவலர் நல்லவராகவே இருக்கட்டும், அடுத்த மாதம் மாற்றலாகிப் போகக்கூடியவர்.

இன்னொன்னு, இது பெருசா பேசப்படல. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று தமிழ்நாடு சட்டம் போட்டது 2016-ல். தென்காசி மாவட்டத்தின் 221 ஊராட்சிகளில் அது நிஜமானது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். அன்றுதான் ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நாலு பதவிக்கும் தனித்தனி நிறத்தில் வாக்குச்சீட்டு வாங்கி, மடித்து, பெட்டியில் போட்டார்கள்.

ஒரு அம்பயர் எதிர்த்து நின்னா என்ன ஆகும்? பக்கத்து ஆந்திராவுல பார்த்தோம். 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி மாநிலத் தேர்தல் ஆணையர் நிம்மகட்ட ரமேஷ்குமார் உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிவைத்தார். அப்போதே நடத்த விரும்பிய ஜெகன்மோகன் ரெட்டி அரசு, ஏப்ரலில் அவசரச் சட்டம் போட்டு ஆணையரின் பதவிக்காலத்தை ஐந்திலிருந்து மூன்று வருடமாகக் குறைத்தது. ஒரே கையெழுத்தில் ரமேஷ்குமாரின் பதவி காலி. அந்த இடத்துக்குக் கொண்டுவரப்பட்டவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற வி. கனகராஜ். மே 29 அன்று ஆந்திர உயர் நீதிமன்றம் அவசரச் சட்டத்தையே ரத்து செய்தது. ரமேஷ்குமார் திரும்பி வந்தார். 2021 ஜனவரியில் அவர் பஞ்சாயத்துத் தேர்தலை அறிவித்தபோது, இப்போது வேண்டாம் என்றது அதே அரசு! அவர் நடத்தியே முடித்தார். கோவாவில் இன்னும் மோசம்: அரசின் சட்டச் செயலாளரிடமே தேர்தல் ஆணையர் பொறுப்பைக் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். அரசு வேலையில் இருப்பவர் இந்தப் பதவியில் இருக்கவே கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதைக் கேட்டுட்டு 'நாமதான் உலகத்துக்கே குடவோலை கத்துக்கொடுத்தவங்க'ன்னு யாராவது கமென்ட் போடுவீங்க, தெரியும். போடுங்க. ஆனா அந்த உத்திரமேரூர்க் கல்வெட்டை ஒரு தடவை நிதானமா படிச்சுட்டுப் போடுங்க. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகள். பிராமணர்களின் சபை அது. நிலம், வேதப் படிப்பு என்று தகுதி வரம்புகள் ஏகப்பட்டது. அதை ஜனநாயகம்னு சொல்ல எனக்கு வாய் வரல. எனக்குப் பிடிச்சது அதுல வர்ற அம்பயர்தான். குடத்திலிருந்து ஓலையை எடுப்பது விவரம் அறியாத ஒரு சிறுவன். அவன் கொடுக்கும் ஓலையை வாங்கும் மத்தியஸ்தன், ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாதாம். அவன் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் அதை வாசிக்க வேண்டும். நல்லவனாப் பார்த்து நியமிச்சுட்டோம், நம்புவோம்னு அவங்க விடல. நியமிச்சவன் விரலையும் விரிக்கச் சொன்னாங்க.

உத்திரமேரூர் இருக்கிறது காஞ்சிபுரம் மாவட்டம். 2019 டிசம்பர்ல தேர்தல் நின்னுபோன ஒன்பது மாவட்டத்துல அதுவும் ஒன்னு.

அந்த 2019 தேர்தலில் வந்த 27 மாவட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. திரும்பவும் தனி அலுவலர்கள். தென்காசியின் கடிகாரம் தள்ளி ஓடுவதால், 2021 அக்டோபரில் பதவியேற்றவர்களின் ஐந்து வருடம் 2026 அக்டோபரில் முடிகிறது. ஜார்ஜியாக்காரங்க புது செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டைத் தேர்ந்தெடுக்கப் போறதுக்குச் சில வாரம் முன்னாடி. ராஃபென்ஸ்பெர்கர் இந்த முறை ஆளுநர் பதவிக்குக் குறி வைத்ததால் அங்கே நாற்காலி காலி. வேட்பாளர்கள் தொலைக்காட்சியில் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டிருப்பார்கள். ஆயிரப்பேரியில அந்த நேரம் சாரல் முடிஞ்சு வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சிருக்கும். ஊராட்சி ஆபீஸ் பலகையில ஒட்டப்போறது தேர்தல் அறிவிப்பா, தனி அலுவலர் நியமன ஆணையாங்கிறது சென்னையில முடிவாகும்.